ரூபிக் கனசதுரம்: விரைந்து தீர்க்கும் முறை

அறிவுக்கு வேலை தரும் விளையாட்டுகள் நம் நாட்டில் பல உண்டு. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், சதுரங்கம் ஆகியவற்றை ஆட எதிரே ஒருவர் அமர வேண்டும். எதிராளி இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியையே எதிராளியாகக் கொண்டு ஆடும் ஆட்டம் ஒன்றும் உண்டு. அதுவே ரூபிக் கனசதுரம்.

மதிய இடைவேளையில் மர நிழலில் இதைத் திருப்பிக்கொண்டிருக்கும் மாணவியரை நம் பள்ளியில் காணலாம். அவர்களுள் பலர் ஆறு பக்கங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு நிமிடம் என்ற அளவுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் நேரம் குறையவில்லை, மிஸ்" என்பதே அவர்களுடைய குறை. சில வாரங்களில் பெட்டி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது.

நேரம் ஏன் குறையவில்லை, அதைக் குறைக்கும் வழி யாது என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். நேரம் பெரிதும் வீணாவது திருப்பும்போது அன்று. அடுத்த கட்டை எங்கே என்று தேடி நிற்கும்போதுதான். ஆகவே விரைந்து தீர்க்க விரும்புகிறவள் முதலில் மெதுவாகத் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். இது விந்தையாகத் தோன்றலாம். படிப்படியாகக் காண்போம்.

பிறந்த கதை

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், பயன்பாட்டுக் கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர் எர்னோ ரூபிக். சிறு கட்டைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே இடம் மாறவும் வேண்டும். இது எவ்வாறு இயலும் என்ற வினாவிற்கு விடையாக அவர் 1974ஆம் ஆண்டில் இதை மரத்தால் செய்தார். வண்ணம் பூசிச் சில முறை திருப்பிய பிறகே, பழைய நிலைக்குத் திரும்பும் வழி தமக்குத் தெரியாது என்பதை உணர்ந்தார். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. செய்தவருக்கே ஒரு மாதம் பிடித்த புதிர் இது என்பதை, முதல் நாளிலேயே மனம் தளரும் மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் 'மாயக் கனசதுரம்' என்ற பெயரில் 1977இல் புடாபெஸ்ட் கடைகளில் விற்கப்பட்ட இப்பொம்மை, 1980இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வழியே 'ரூபிக் கனசதுரம்' என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது. 1981இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாட்ரிக் போசெர்ட் என்ற 13 வயதுப் பள்ளி மாணவர், இதைத் தீர்க்கும் வழியை ஒரு சிறு நூலாக எழுதினார். அந்நூல் பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

எத்தனை நிலைகள்?

பெட்டியில் 26 சிறு கட்டைகள் வெளியே தெரிகின்றன. ஒரு நிறம் மட்டும் உள்ள நடுக் கட்டைகள் 6. இரு நிறம் உள்ள விளிம்புக் கட்டைகள் 12. மூன்று நிறம் உள்ள மூலைக் கட்டைகள் 8. நடுக் கட்டைகள் தம் இடத்திலேயே சுழலுமே அன்றி இடம் மாறா. ஆகவே ஒரு பக்கத்தின் நிறத்தை முடிவு செய்வது அதன் நடுக் கட்டையே.

மற்ற 20 கட்டைகளும் இடம் மாறியும் திரும்பியும் அமையும் நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000. நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடி. வினாடிக்கு ஒரு நிலையாகப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 1 லட்சத்து 37 ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். எனவே குருட்டாம்போக்கில் திருப்பி ஒருநாள் தானாகச் சேரும் என்று காத்திருப்பது வீண்.

ஆயினும் ஒரு வியப்பு உண்டு. எவ்வளவு கலைந்த நிலையாயினும் 20 திருப்பங்களுக்குள் தீர்த்துவிட இயலும் என்று 2010ஆம் ஆண்டில் டொமாஸ் ரோக்கிக்கி, ஹெர்பர்ட் கோசியெம்பா, மார்லி டேவிட்சன், ஜான் டெத்ரிட்ஜ் ஆகிய நால்வர் கணிப்பொறிகளின் துணையால் நிறுவினர். ஒரே கணிப்பொறி செய்திருந்தால் 35 ஆண்டுகள் ஆகும் அந்தக் கணக்கை, கூகுள் நிறுவனத்தின் பல கணிப்பொறிகள் பங்கிட்டுச் செய்து முடித்தன. அந்த 20 திருப்பங்களை மனிதர் கண்ணால் பார்த்து உடனே கண்டறிய இயலாது. நமக்கு வேண்டியது மிகக் குறுகிய வழி அன்று; கண்ணுக்கும் நினைவுக்கும் பிடிபடும் நல்ல வழி.

குறியீடுகள்

கணிதத்தில் குறியீடு இல்லாமல் முன்னேற்றம் இல்லை. டேவிட் சிங்மாஸ்டர் என்ற லண்டன் கணிதப் பேராசிரியர், ஒவ்வொரு பக்கத்தின் திருப்பத்தையும் ஓர் எழுத்தால் குறிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். நாம் அதைத் தமிழ் எழுத்துகளால் அமைத்துக்கொள்வோம்.

வ என்பது வலப்பக்கம். இ என்பது இடப்பக்கம். மே என்பது மேற்பக்கம். கீ என்பது கீழ்ப்பக்கம். மு என்பது முன்பக்கம். பி என்பது பின்பக்கம். எழுத்து தனியே நின்றால், அந்தப் பக்கத்தை நேரே பார்க்கும்போது கடிகார முள் செல்லும் திசையில் ஒரு கால் சுற்று. எழுத்துக்குப் பின் ’ என்ற குறி இருந்தால் எதிர்த் திசையில் ஒரு கால் சுற்று. மே2 என்றால் மேற்பக்கத்தை அரைச் சுற்று திருப்ப வேண்டும்.

இப்போது சேர்ந்த நிலையில் உள்ள ஒரு பெட்டியை எடுத்து, வ மே வ’ மே’ என்ற நான்கு திருப்பங்களைச் செய்யுங்கள். பெட்டி கலையும். அஞ்சாமல் அதே நான்கையும் மொத்தம் ஆறு முறை செய்யுங்கள். பெட்டி தானே பழைய நிலைக்கு வந்துவிடும். கலைப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று. இந்த நான்கு திருப்பங்களும் கைக்குப் பழகியவள் பாதி வழி கடந்தவள்.

தொடக்க முறையும் அதன் எல்லையும்

பலரும் முதலில் கற்பது அடுக்கு முறை. கீழ் அடுக்கில் சிலுவை வடிவம், பின் அதன் நான்கு மூலைகள், பின் நடு அடுக்கின் நான்கு விளிம்புகள், இறுதியில் மேல் அடுக்கு. இம்முறை எளியது, குறைந்த சூத்திரங்களே போதும். ஆனால் இதற்கு 100 முதல் 150 திருப்பங்கள் வரை ஆகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி 120 திருப்பங்களில் இரண்டு நிமிடத்தில் தீர்க்கிறாள் என்று கொள்வோம். அவள் கை வினாடிக்கு 2 திருப்பங்கள் செய்யும். அப்படியானால் திருப்புவதற்கு ஆகும் நேரம் 60 வினாடிதான். மீதி 60 வினாடி எங்கே போயிற்று? அடுத்த கட்டையைத் தேடுவதில் போயிற்று.

அவள் கையின் வேகத்தை இரு மடங்காக்கினாள் என்போம். திருப்பும் நேரம் 30 வினாடி ஆகும். தேடும் நேரம் குறையாது. மொத்தம் 90 வினாடி. இதற்கு மாறாக, கையின் வேகத்தைத் தொடாமல், 60 திருப்பங்களில் முடியும் முறையைக் கற்று, தேடும் நேரத்தையும் பாதியாக்கினாள் என்போம். திருப்ப 30 வினாடி, தேட 30 வினாடி. மொத்தம் ஒரு நிமிடம். விரல்களை வருத்தாமலேயே நேரம் பாதியாகிவிட்டது. எனவே விரைவுக்கு வழி இரண்டு: திருப்பங்களைக் குறைத்தல், தேடலைக் குறைத்தல்.

பத்தாம் இடம் பெற்றவரின் முறை

1982ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 19 நாடுகளின் வீரர்கள் கலந்துகொண்டனர். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மின் தாய் என்ற மாணவர் 22.95 வினாடியில் தீர்த்து முதலிடம் பெற்றார்.

அதே போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து பத்தாம் இடம் பெற்றவர் ஜெசிகா ஃபிரிட்ரிச். பின்னர் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்திலுள்ள பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தாம் பயன்படுத்திய முறையை 1997இல் இணையத்தில் யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டார். முறை முழுவதும் அவர் ஒருவராலேயே உருவானதன்று. நெதர்லாந்து முதலிய நாடுகளிலும் அதே காலத்தில் சிலர் அதன் பகுதிகளைத் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். ஆயினும் அவர் ஒழுங்குபடுத்தி வழங்கியதால் அது அவர் பெயராலும் வழங்கலாயிற்று. இன்று விரைந்து தீர்ப்பவருள் மிகப் பெரும்பாலோர் பின்பற்றுவது இம்முறையையே. இரண்டாம் உலகப் போட்டி 2003இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்தபோது அவர் மீண்டும் கலந்துகொண்டு இரண்டாம் இடம் பெற்றார். இரு போட்டிகளுக்கும் இடையே 21 ஆண்டுகள்.

வேறு நல்ல முறைகளும் உண்டு. ஸ்வீடன் நாட்டு லார்ஸ் பெட்ரஸ், பிரான்ஸ் நாட்டு ஜில் ரூ ஆகியோர், சிறு பகுதிகளாகக் கட்டிச் சேர்க்கும் முறைகளை வகுத்தனர். அடுக்கு முறை கற்ற மாணவியருக்கு ஃபிரிட்ரிச் முறையே அடுத்த படியாக எளிதில் அமையும். அதன் நான்கு படிகளைக் காண்போம்.

முதற்படி: சிலுவை

வெள்ளைப் பக்கத்தின் நான்கு விளிம்புக் கட்டைகளைச் சேர்ப்பது முதற்படி. பலர் வெள்ளையை மேலே வைத்துச் சேர்த்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே வெள்ளையைக் கீழே வைத்துச் சேர்க்கப் பழகுங்கள். கவிழ்க்கும் நேரம் மிச்சம். மேலேயும் பக்கங்களிலும் உள்ள மற்றக் கட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எப்படிக் கலைந்திருந்தாலும் சிலுவையை 8 திருப்பங்களுக்குள் முடிக்க இயலும். உலகக் கனசதுரச் சங்கத்தின் போட்டி விதிகள் தொடங்குமுன் பெட்டியைப் பார்க்க 15 வினாடி தருகின்றன. அந்த 15 வினாடியில் நான்கு கட்டைகளின் பாதையையும் மனத்தில் வரைந்துகொள்வதே குறிக்கோள். முதலில் இரண்டு கட்டைகளுக்கு மட்டும் திட்டமிடுங்கள், பின் மூன்று, பின் நான்கு. இறுதியில் கண்ணை மூடிக்கொண்டு சிலுவையை முடிக்கப் பாருங்கள். முடிந்தால் திட்டம் சரி.

இரண்டாம் படி: இணை சேர்த்தல்

இம்முறையின் உயிர்நாடி இதுவே. தொடக்க முறையில் மூலைக் கட்டையை முதலில் வைத்து, அதற்குரிய விளிம்புக் கட்டையைப் பிறகு தனியே வைக்கிறோம். மூலைக்குக் குறைந்தது 3, 4 திருப்பங்கள்; விளிம்புக்கு 8 திருப்பங்கள். இங்கேயோ இரண்டையும் மேல் அடுக்கிலேயே சேர்த்து, ஓர் இணையாகக் கீழே இறக்கிவிடுகிறோம்.

வெள்ளையைக் கீழேயும் சிவப்பை முன்னேயும் பிடியுங்கள். வழக்கமான நிற அமைப்பில் வலப்பக்கம் பச்சை வரும். முன்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே உள்ள இடத்துக்கு, வெள்ளை-சிவப்பு-பச்சை மூலையும் சிவப்பு-பச்சை விளிம்பும் வேண்டும்.

முதல் நிலை: மூலைக் கட்டை மேல் அடுக்கில் முன்-வல மூலையில் உள்ளது. அதில் வெள்ளை வலப்பக்கமும், பச்சை மேலேயும், சிவப்பு முன்னேயும் இருக்கின்றன. விளிம்புக் கட்டை மேல் அடுக்கின் பின்புறத்தில், சிவப்பு மேலேயும் பச்சை பின்னேயுமாக உள்ளது. இதற்குச் சூத்திரம்: வ மே வ’. மூன்றே திருப்பங்கள்! ஏன் என்று கவனியுங்கள். வ என்ற முதல் திருப்பத்தில் மூலைக் கட்டை பின்னே சென்று விளிம்புக் கட்டையோடு சேர்ந்துவிடுகிறது. அதே நேரத்தில் வேண்டிய இடமும் மேலே வந்து திறக்கிறது. மே என்ற திருப்பத்தில் இணை அந்த இடத்தில் நுழைகிறது. வ’ என்ற திருப்பத்தில் அது கீழே இறங்கி அமர்கிறது.

இரண்டாம் நிலை: இரண்டும் ஏற்கெனவே சேர்ந்துள்ளன. முன்-வல மூலையில் உள்ள கட்டையில் வெள்ளை முன்னேயும், சிவப்பு மேலேயும், பச்சை வலப்பக்கமும் உள்ளன. விளிம்புக் கட்டை அதன் அருகே, மேல் அடுக்கின் வலப்புறத்தில், சிவப்பு மேலாகவும் பச்சை வலமாகவும் உள்ளது. இதற்குச் சூத்திரம்: மே வ மே’ வ’. முதல் திருப்பம் இணையை ஒதுக்குகிறது, இரண்டாவது இடத்தைத் திறக்கிறது, மூன்றாவது இணையை உள்ளே கொணர்கிறது, நான்காவது மூடுகிறது.

இடப்பக்கத்து இடத்திற்கு இவற்றின் கண்ணாடி வடிவம் பொருந்தும்: இ’ மே’ இ என்பதும், மே’ இ’ மே இ என்பதும் ஆகும்.

இப்படியில் மொத்தம் 41 நிலைகள் உண்டு. எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். ஏனையவற்றுள் பலவற்றை ஓரிரு திருப்பங்களால் மேலே சொன்ன நிலைகளில் ஒன்றாக மாற்றிவிடலாம். ஆகவே இப்படியை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டை எங்கே போகிறது என்று பார்த்து அறியுங்கள். புரிந்துகொண்டு செய்தவள் மறந்தாலும் மீண்டும் கண்டுபிடித்துக்கொள்வாள். எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவள் ஓர் எழுத்து தவறினால் திகைத்து நிற்பாள். வடிவியல் தேற்றங்களிலும் நாம் காண்பது இதுவே அன்றோ?

மூன்றாம், நான்காம் படிகள்: மேல் அடுக்கு

மூன்றாம் படியில் மேற்பக்கம் முழுவதும் மஞ்சளாக்கப்படும். நான்காம் படியில் மேல் அடுக்கின் கட்டைகள் தத்தம் இடத்திற்குச் செல்லும். மூன்றாம் படிக்கு 57 சூத்திரங்களும் நான்காம் படிக்கு 21 சூத்திரங்களும், ஆக 78 சூத்திரங்கள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியையும் இரண்டாகப் பிரித்தால் 10, 6 என மொத்தம் 16 சூத்திரங்களே போதும். முதல் ஆண்டுக்கு இவையே தாராளம்.

இரண்டை மட்டும் இங்கே தருகிறேன். மேலே மஞ்சள் விளிம்புகள் இடமிருந்து வலமாக ஒரு கோடாக நின்றால், மு வ மே வ’ மே’ மு’ என்று செய்ய மஞ்சள் சிலுவை அமையும். இதை ஆறு எழுத்துகளாக நினைவில் வைக்காதீர்கள். நடுவில் உள்ளவை நாம் முன்பே பழகிய நான்கு திருப்பங்கள்தாம். முன்பக்கத்தைத் திருப்பி, பழகிய நான்கைச் செய்து, முன்பக்கத்தை மீட்டால் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவள் சொல்லாகப் படிக்கத் தொடங்குவது போன்ற முன்னேற்றம் இது.

மஞ்சள் சிலுவை அமைந்த பின், ஒரே ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் மேலே இருந்தால் அதை முன்-இட மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்-வல மூலையின் மஞ்சள் முன்பக்கம் பார்த்திருந்தால் வ மே வ’ மே வ மே2 வ’ என்று செய்யுங்கள். மேற்பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும்.

மெதுவாகச் சென்று விரைவாக முடித்தல்

இப்போது கட்டுரையின் உயிரான கருத்துக்கு வருவோம். திருப்பங்கள் குறைந்துவிட்டன. தேடுவதைக் குறைப்பது எப்படி?

நம் நெய்வேலிச் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். மேல்மண்ணை அகற்றும் பிரம்மாண்டமான வாளிச் சக்கர இயந்திரங்களை நாம் அறிவோம். 700 லிட்டர், 1400 லிட்டர் கொள்ளும் வாளிகள் அதன் சக்கரத்தில் வரிசையாக உள்ளன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரம் மெதுவாகச் சுழல்வது போலத் தோன்றும். சாதாரண மண்வாரி இயந்திரமோ படபடவென்று இயங்குவதாகத் தோன்றும். ஆனால் மண்வாரி அள்ளும், திரும்பும், கொட்டும், மீண்டும் திரும்பும், லாரிக்காகக் காத்திருக்கும். வாளிச் சக்கரம் நிற்பதே இல்லை. ஒரு வாளி மண்ணைக் கொட்டும்போதே அடுத்த வாளி அள்ளிக்கொண்டிருக்கும். மண் ஓடும்பட்டையில் இடைவிடாது செல்லும். வேலை முடிவது நில்லாமையால்.

கனசதுரத்திலும் அவ்வாறே. கை ஓர் இணையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த இணையைத் தேட வேண்டும். இதற்குத் தடையாக இருப்பது அவசரமே. கை மிக வேகமாகச் சுழன்றால் கட்டைகள் கண்ணுக்குப் புலப்படா. இணை அமர்ந்ததும் கை நின்றுவிடும். பிறகே கண் தேடத் தொடங்கும். மெதுவாகத் திருப்பினால் கண்ணுக்கு முன்கூட்டியே பார்க்க நேரம் கிடைக்கும். கை நிற்க வேண்டிய தேவை எழாது.

தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தவர்கள் இதை அறிவார்கள். இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைத் தேர்வுக்கு 45 சொற்கள். முதல் நாளே அந்த வேகத்தை எவரும் கேட்பதில்லை. விசைகளைப் பார்க்காமல், தாளில் கண்ணை வைத்து, ஒரே சீராக அடிக்கவே கற்பிக்கிறார்கள். தேர்ந்தவரின் கண் எப்போதும் விரல் அடிக்கும் சொல்லுக்கு அடுத்த சொல்லில் இருக்கும். மார்கழியில் வாசலில் கோலமிடும் நம் தாய்மாரையும் கவனியுங்கள். கை ஒரு புள்ளியைச் சுற்றும்போதே பார்வை அடுத்த புள்ளிக்குப் போய்விடும். அதனால்தான் இழை அறுவதில்லை.

பழகும் வழி இது: சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைக் கேட்டுக்கொண்டு, ஒரு துடிப்புக்கு ஒரு திருப்பம் மட்டும் செய்யுங்கள். அதற்கு மேல் வேகம் கூடாது. ஆனால் ஒரு துடிப்பிலும் கை நிற்கக் கூடாது. நிற்காமல் முடிக்க முடிந்த பிறகே வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். 60 திருப்பங்களை இவ்வாறு நிற்காமல் செய்தாலே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பயிற்சித் திட்டம்

நாள்தோறும் 20 நிமிடம் போதும். விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் தொடர்ந்து திருப்பிவிட்டு வாரம் முழுவதும் தொடாமல் இருப்பதில் பயன் இல்லை.

1. முதல் இரண்டு வாரம்: சிலுவை மட்டும். வெள்ளை கீழே. நாளைக்கு 10 முறை திட்டமிட்டுச் செய்க.

2. அடுத்த நான்கு வாரம்: இணை சேர்த்தல். இந்த நாள்களில் நேரம் பார்க்கவே வேண்டாம். முன்னைவிட மெதுவாகத் தீர்ப்பதாகத் தோன்றும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பொறுத்திருங்கள். புதிய வழி பழகும்வரை இந்தத் தாழ்வு எல்லாருக்கும் உண்டு.

3. அதன் பின்: வாரத்திற்கு இரண்டு சூத்திரம் வீதம் 16 சூத்திரங்கள். எட்டு வாரத்தில் முடியும். ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதி, எந்த நிலைக்கு உரியது என்று படமும் வரைந்துகொள்க.

4. எப்போதும்: தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, வினாடித் துடிப்புக்கு ஏற்ப மெதுவான தீர்வு.

நேரத்தைக் கணக்கிடும்போதும் ஒழுங்கு வேண்டும். எப்போதோ ஒருமுறை நல்வாய்ப்பால் கிடைத்த நேரத்தைத் தன் நேரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. போட்டிகளில் ஐந்து முறை தீர்க்கச் செய்து, மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு, நடு மூன்றின் சராசரியை எடுக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒருத்தியின் நேரங்கள் 48, 41, 55, 44, 39 வினாடிகள் எனில், 39ஐயும் 55ஐயும் நீக்க வேண்டும். மீதி மூன்றின் கூட்டுத்தொகை 133; சராசரி 44.33 வினாடி. அவளுடைய உண்மையான நேரம் இதுவே, 39 அன்று.

நம் மாநிலத்திலும் பிற நாடுகளிலும்

2004இல் தொடங்கப்பட்ட உலகக் கனசதுரச் சங்கத்தின் விதிகளின்படி சென்னையிலும் இந்தியாவின் பிற நகரங்களிலும் போட்டிகள் நடந்து வருகின்றன. 2020ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த இளையராம் சேகர், நீருக்கடியில் ஒரே மூச்சில் 6 கனசதுரங்களைத் தீர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 17 வினாடி. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது பதற்றத்திற்கு இடமில்லை. அமைதியான மனமே கையை நடத்தும் என்பதற்கு இது தக்க சான்று.

அமெரிக்காவில் மேக்ஸ் பார்க் என்பவர் 2023ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் 3.13 வினாடியில் தீர்த்து உலகை வியக்க வைத்தார். 2025 ஏப்ரலில் சுவான்யி கெங் என்ற சீனச் சிறுவன் அதை 3.05 வினாடியாகக் குறைத்தான். மேக்ஸ் பார்க்கின் கதை நாம் அறிய வேண்டியது. குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு ஆட்டிசம் உள்ளதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். தண்ணீர்ப் புட்டியைத் திறப்பதும் அவர் விரல்களுக்குக் கடினமாக இருந்தது. விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றே அவருடைய பெற்றோர் கனசதுரத்தைக் கையில் கொடுத்தனர். அந்த விரல்களே பின்னர் உலகின் மிக விரைவான விரல்கள் ஆயின.

முடிவுரை

வகுப்பில் சிலருக்கு 'மெதுவானவள்' என்ற பெயர் வந்துவிடுகிறது. கேள்வி கேட்டதும் கையைத் தூக்காதவள், கணக்கை இருமுறை படித்துப் பார்க்கிறவள், பக்கத்துப் பெண் முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறவள் ஆகியோரைப் பிறர் அவ்வாறு அழைக்கிறார்கள். நாளடைவில் அவர்களும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். கனசதுரம் கற்பவருக்கு இந்தப் பெயரின் பொய்ம்மை விளங்கும். மெதுவாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டையும் ஏன் நகர்கிறது என்று கேட்டுக் கற்றவளே சில மாதங்களில் விரைவாகத் தீர்க்கிறாள். புரிந்துகொள்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் வீணான நேரம் அன்று. அல்ஜீப்ராவுக்கும் ஆங்கில இலக்கணத்துக்கும் இது பொருந்தும்.

மாணவியரே, இழுப்பறையில் கிடக்கும் பெட்டியை வெளியே எடுங்கள். வெள்ளையைக் கீழே வைத்து, இன்றே சிலுவையைத் தொடங்குங்கள். நேரத்தை ஏட்டில் குறித்து வாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வந்ததும், கீழ் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அருகில் அமர்த்தி அந்த மூன்று திருப்பங்களைக் கற்றுக்கொடுங்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நாம் எதை நன்றாக அறிந்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியவரும்.